காரன்வாலிஸ் போன தடம்: சென்னைக் கோட்டையிலிருந்து சீரங்கப்பட்டணம், அங்கிருந்து பாராமகால்

முதல் நாள்: சென்னை, புனித ஜார்ஜ் கோட்டை

சார்லஸ் காரன்வாலிஸ் என்ற பெயர் நமக்குப் பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் அறிமுகமாகிறது: 1793, வங்காளத்தில் நிலையான நிலவரித் திட்டம். அமெரிக்கர்களுக்கு அவர் 1781 அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் சரணடைந்த தளபதி. அயர்லாந்துக்காரர்களுக்கு 1798 கிளர்ச்சியை ஒடுக்கியபோது அங்கே வைசிராயாக இருந்தவர். இவை மூன்றுக்கும் நடுவே, 1791 ஜனவரி முதல் 1792 மார்ச் வரை, அவர் நேரில் படை நடத்திய மூன்றாம் மைசூர்ப் போர் இருக்கிறது. அந்தப் படை போன வழியில் பெரும்பகுதியை இன்றும் பேருந்திலும் காரிலும் தொடர்ந்து போகலாம். அதற்கான குறிப்புகள்தான் இவை.

தொடக்கம் கோட்டை அருங்காட்சியகத்தில். வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டைக்குள் தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. அடையாள அட்டை கையில் இருக்கட்டும், பெரிய பை வேண்டாம். உள்ளே ஆளுயரத்தைவிடப் பெரிய பளிங்குச் சிலையாக காரன்வாலிஸ் நிற்கிறார். செதுக்கியவர் தாமஸ் பேங்க்ஸ். 1800-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்திலிருந்து வந்தது. சிலையின் முகத்தைவிடப் பீடத்தைப் பாருங்கள். திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதில் புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. இந்தப் பயணத்தின் ஏழாம் நாளில் அந்த இடத்துக்குப் போய்ச் சேருவோம். தேனாம்பேட்டையின் செனோடாஃப் சாலைக்குப் பெயர் தந்ததும் இவருடைய நினைவு மண்டபம்தான். பிறகு அது இடம் மாறிக் கோட்டைக்குள் வந்துவிட்டது.

போருக்கான காரணம் சுருக்கமாக. 1789 டிசம்பர் கடைசியில் திப்பு திருவிதாங்கூர் எல்லைக் காவல் அரணைத் தாக்கினார். திருவிதாங்கூரோ கிழக்கிந்தியக் கம்பெனியின் நட்பு நாடு. 1790-இல் சென்னை ஆளுநர் வில்லியம் மெடோஸ் திருச்சியிலிருந்து கிளம்பி கரூர், கோயம்புத்தூர், திண்டுக்கல் என்று பிடித்துக்கொண்டே போனார். ஆனால் படையைத் துண்டு துண்டாகப் பரப்பிவிட்டார். செப்டம்பரில் திப்பு கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி சத்தியமங்கலத்தில் ஒரு துண்டை அடித்தார். பிறகு மெடோஸால் அவரைத் துரத்தத்தான் முடிந்தது, பிடிக்க முடியவில்லை. கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாகவும் தலைமைத் தளபதியாகவும் இருந்த காரன்வாலிஸ் 1790 டிசம்பரில் சென்னைக்கு வந்து, 1791 ஜனவரி 29-இல் படைப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

இரண்டு பதவியும் ஒருவரிடமே இருந்தது தற்செயல் அல்ல. 1786-இல் பதவியை ஏற்கும்போதே அவர் வைத்த நிபந்தனை அது. அமெரிக்காவில் மேலே ஒரு தளபதி, லண்டனில் ஒரு அமைச்சர், நடுவில் தான் என்று மூன்று பக்கமும் இழுபட்டதன் விலையை அவர் யார்க்டவுனில் கொடுத்திருந்தார்.

இரண்டாம் நாள்: வேலூர், சித்தூர், மொகிலிக் கணவாய், கோலார்

சென்ட்ரலிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து வேலூர்க் கோட்டைக்கு நகரப் பேருந்து. கோட்டை 133 ஏக்கர். அகழியில் தண்ணீர் நிற்கிறது. ஜலகண்டேசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு மதிலின்மேல் ஏறி மேற்கே பாருங்கள். இந்த இடத்திலிருந்து மைசூர் மேட்டுநிலத்துக்கு ஏற இரண்டு வழிகள். ஒன்று தென்மேற்கே பாலாற்றை ஒட்டி ஆம்பூர், வாணியம்பாடி, பிறகு பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கம்) கணவாய்கள். இன்றைய பெங்களூரு நெடுஞ்சாலை ஏறத்தாழ இதுதான். மற்றது வடக்கே சித்தூர், அங்கிருந்து மேற்கே மொகிலி.

காரன்வாலிஸ் பிப்ரவரி 11 வாக்கில் வேலூருக்கு வந்தார். ஒரு பிரிவை ஆம்பூர்ப் பக்கம் நகர்த்திக் காட்டினார். பாராமகால் வழியாகத்தான் ஏறப் போகிறார்கள் என்று திப்பு நம்பி அந்தக் கணவாய்களைக் காக்க விரைந்தார். முழுப் படையும் சட்டென்று வடக்கே திரும்பி சித்தூரைத் தாண்டி மொகிலிக்குள் நுழைந்தது. பிப்ரவரி 21-க்குள் கனரகப் பீரங்கிகள் உட்பட எல்லாம் பலமநேரி மேட்டில். ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

இந்த ஏற்றத்தைச் சாலையில் போய்ப் பார்த்தால்தான் அதன் அளவு தெரியும். வேலூரிலிருந்து சித்தூர் சுமார் 35 கிலோமீட்டர், அங்கிருந்து பலமநேரி சுமார் 40. ஆந்திர அரசுப் பேருந்து அடிக்கடி உண்டு. பகலில் போங்கள், சன்னலோரம் உட்காருங்கள். சித்தூரைவிடப் பலமநேரி 300 மீட்டருக்கு மேல் உயரம், ஆனால் ஏற்றம் ஓரிடத்தில் குவியாமல் படிப்படியாக வருகிறது. காரன்வாலிஸுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். மதில் உடைக்கும் 24 பவுண்டு பீரங்கிக் குழல் ஒன்றே இரண்டரை டன் எடை. சமதரையில் அதை இழுக்கவே பல ஜோடிக் காளைகளை வரிசையாகப் பூட்ட வேண்டும். வரிசை நீளமாக நீளமாக, வளைவுகளில் முன்மாடு ஒரு பக்கமும் பின்மாடு ஒரு பக்கமும் இழுத்து விசை வீணாகும். ஒரு மாடு விழுந்தால் வரிசை முழுதும் நிற்கும். இதற்குத்தான் வங்காளத்திலிருந்து யானைகள் கடல்வழியாக வந்தன. ஏற்றத்தில் யானை முன்னால் இழுப்பதில்லை. பின்னாலிருந்து நெற்றியால் வண்டியைத் தள்ளும். காளைகள் மூச்சு வாங்க நிற்கும் நேரத்தில் வண்டி பின்னுக்கு உருளாமல் தாங்கும். 1790-இல் மெடோஸிடம் இல்லாத பலம் இது.

மொகிலியில் சிவன் கோயில் இருக்கிறது, இறங்கிப் பார்க்கலாம். பலமநேரி தாண்டி முளபாகல், கோலார். கோலார்க் கோட்டை பிப்ரவரி 28-இலும், ஒசக்கோட்டை அடுத்த சில நாட்களிலும் எதிர்ப்பின்றி விழுந்தன. கோலாரில் ஹைதர் அலியின் தந்தை ஃபத்தே முகமதுவின் சமாதி இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

மூன்றாம் நாள்: பெங்களூரு

நகர மையத்தில் தங்கினால் நடந்தே பார்த்துவிடலாம். மெட்ரோ பச்சைத் தடத்தில் கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே கோட்டையின் டெல்லி வாசல். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது இந்த வாசலும் சுற்றிச் சிறு துண்டும் மட்டும். மதிலில் ஒரு கல்வெட்டுப் பலகை: இந்த உடைப்பு வழியாக 1791 மார்ச் 21 அன்று பிரிட்டிஷ் தாக்குதல் நடந்தது என்று ஆங்கிலத்தில் சொல்கிறது.

பார்ப்பவர் பலரும் இங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் முற்றுகை இரண்டு கட்டமாக நடந்தது. அன்றைய பெங்களூரு இரட்டை ஊர்: வடக்கே மண்மதிலும் முள்வேலியும் அகழியும் சூழ்ந்த வணிகப் பேட்டை, தெற்கே கல்லால் கட்டிய நீள்வட்டக் கோட்டை. மார்ச் 5-இல் படை வந்து சேர்ந்தது. மறுநாள் குதிரைப்படைத் தளபதி ஃபிளாய்டு உத்தரவை மீறித் திப்புவின் பின்படையைத் துரத்திப் போய், கன்னத்தில் குண்டு வாங்கி, ஏராளமான குதிரைகளையும் இழந்து திரும்பினார். மார்ச் 7-இல் பேட்டையின் அலசூர் வாசல் தாக்கப்பட்டது. சென்னைப் பீரங்கிப் படையின் சிறந்த அதிகாரி எனப்பட்ட கர்னல் மூர்ஹவுஸ் அங்கேதான் இறந்தார். அந்த வாசல் இப்போது இல்லை. அலசூர் கேட் காவல் நிலையத்தின் பெயரில் மட்டும் இருக்கிறது. அங்கிருந்து சிக்கப்பேட்டை, பளேப்பேட்டை சந்துகளில் தெற்கு நோக்கி நடந்தால் டெல்லி வாசலுக்கு வந்துவிடலாம். நெரிசலான நேரத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். தாக்கியவர்களும் அதே திசையில் முன்னேறிப் பேட்டை வீடுகளின் மறைவில் பீரங்கி மேடை அமைத்தார்கள்.

பேட்டையைப் பிடித்தது வெற்றி என்றாலும் மாட்டுக்குத் தீவனம் அதில் போதவில்லை. கோட்டையை முழுதாகச் சூழ்ந்துகொள்ளவும் ஆள் பற்றவில்லை. உள்ளே புதுக் காவல் படை போய்வந்துகொண்டே இருந்தது. வெளியே திப்பு தன் முழுப் படையுடன் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். அதாவது முற்றுகையிட்டவரே முற்றுகையில் இருந்தார். மாடுகள் தினமும் செத்துக்கொண்டிருந்த நிலையில், உடைப்பு முழுமையாகும் முன்பே மார்ச் 21 இரவு நிலவொளியில் ஏணிகளோடு ஏறச் சொன்னார் காரன்வாலிஸ். கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவர், பகதூர் கான், வயது முதிர்ந்தவர், உடைப்பிலேயே போரிட்டு மாண்டார். எதிரிப் படையின் குறிப்புகளிலும் அவர் பெயர் மரியாதையோடுதான் வருகிறது. டெல்லி வாசலில் அந்தப் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். தாக்கியவர்களுக்கு மட்டும் பலகை இருப்பது நியாயமில்லை.

இந்த முற்றுகையில் இறந்த ஆங்கிலேயருக்காக நகரில் ஒரு நினைவுத் தூண் இருந்தது. இன்றைய ஹட்சன் வட்டத்தின் அருகில் நின்ற அது 1964-இல் அகற்றப்பட்டது. இப்போது பார்க்க ஒன்றுமில்லை.

நான்காம் நாள்: கனகபுரா, அரகெரெ, கண்ணம்பாடி

பயணத்தின் மிக முக்கியமான நாள் இதுதான் என்பது என் கருத்து. சுற்றுலாக்காரர் யாரும் வராத வழி. கார் அவசியம், பேருந்தில் போனால் மூன்று முறை மாற வேண்டியிருக்கும்.

மைசூருக்கு இன்று எல்லோரும் போவது ராமநகரம், சன்னபட்டணம் வழி. 1791 மே தொடக்கத்தில் காரன்வாலிஸ் அதைத் தவிர்த்துத் தெற்கே கனகபுரா வழியாகப் போனார். சன்னபட்டணச் சாலையின் இரு பக்கமும் மலைக்கோட்டைகள், எல்லாம் திப்புவின் கையில். கனகபுரா, மளவள்ளி வழியில் கோட்டை இல்லை. ஆனால் திப்பு ஊர்களைக் காலி செய்து, தானியத்தை அகற்றி, வைக்கோலை எரித்துவிட்டுப் பின்வாங்கினார். கம்பெனியின் கூட்டாளியான ஐதராபாத் நிஜாமின் குதிரைப்படை பத்தாயிரம் பேர் ஏப்ரலில் வந்து சேர்ந்திருந்தார்கள். அவர்கள் வெளியே போய்த் தீவனம் கொண்டுவராமல் முகாமில் இருந்ததையே தின்று தீர்த்தார்கள்.

மே 13-இல் படை காவிரிக் கரையில் அரகெரெயை அடைந்தது. சீரங்கப்பட்டணத்துக்குக் கிழக்கே சிறிய ஊர். வயலும் வாய்க்காலுமாக இருக்கிறது. அடுத்த நாள் இரவு திப்புவின் முகாமைச் சுற்றி வளைக்கக் கிளம்பிய படையை இடியும் மழையும் இருட்டில் சிதறடித்தன. மே 15 பகலில் சண்டை நடந்தது. சாலையில் மேற்கே போகும்போது வலப்பக்கம் மேடுகளும் எதிரே கரிகட்டக் குன்றும் தெரியும். திப்புவின் படை ஒவ்வொரு மேடாக விட்டுக்கொடுத்துத் தீவின் பீரங்கிகளுக்கு அடியில் போய் ஒதுங்கியது. களத்தை வென்றாயிற்று. ஆனால் கோட்டையை உடைக்கும் நிலை இல்லை. படை ஏற்கெனவே அரைவயிறு. கனரகப் பீரங்கிகளை மாடுகளுக்குப் பதில் மனிதர்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேற்கே குடகு வழியாக அபர்குரோம்பி பம்பாய்ப் படையோடு பெரியபட்டணம் வரை வந்திருந்தார். அவரைச் சேர வேண்டுமானால் தீவைச் சுற்றிக்கொண்டு மேலே கண்ணம்பாடித் துறையில் ஆற்றைக் கடக்க வேண்டும். காரன்வாலிஸ் அங்கே போய்ச் சேர்ந்தபோது மாட்டுக்கு நோய், ஆளுக்கு அம்மை, தானியம் தீரும் நிலை, மேலே மழை. மே 22-இல் முற்றுகைப் பீரங்கிகள் முழுவதையும் அங்கேயே நொறுக்கினார்கள், வண்டிகளைக் கொளுத்தினார்கள். அபர்குரோம்பிக்குத் திரும்பிப் போகச் சொல்லி ஆள் போயிற்று. மே 26-இல் பின்வாங்கல் தொடங்கியது.

அந்தத் துறை இன்று கிருஷ்ணராஜ சாகர் நீர்த்தேக்கத்தின் பக்கம். அணை 1911-இல் தொடங்கி 1930-களின் தொடக்கத்தில் முடிந்தது. பழைய கண்ணம்பாடி ஊர் நீருக்குள் போனது. அங்கிருந்த வேணுகோபால சுவாமி கோயில் கல்கல்லாகப் பிரிக்கப்பட்டுக் கரையில் மீண்டும் எழுப்பப்பட்டிருக்கிறது. அணையின்மேல் நடக்க அனுமதி இல்லை. நீர்ப்பரப்பைப் பார்க்கக் கோயில் பக்கம் போவதே நல்லது.

பின்வாங்கிய முதல் நாளே மேலுக்கோட்டைப் பக்கமிருந்து குதிரைகள் வந்தன. எதிரி என்று நினைத்துத் துப்பாக்கியைத் தூக்கினார்கள். வந்தவர்கள் கம்பெனியின் கூட்டாளிகளான மராட்டியர்கள்: ஹரி பந்த், பரசுராம் பாவ் ஆகியோரின் பெரும்படை, பின்னால் நிறைந்த கடைத்தெருவோடு. சில நாள் முன்னதாகத் தெரிந்திருந்தால் பீரங்கிகளை உடைத்திருக்க வேண்டியதில்லை. ஏன் தெரியவில்லை? திப்புவின் இலகு குதிரைகள் தூதர் ஒருவரையும் தப்பவிடவில்லை. படைநடத்தையில் திப்புவின் மிகப் பெரிய பலம் இதுவே. மதிலும் ராக்கெட்டும் அதற்கு அடுத்துத்தான்.

அமெரிக்காவில் நடந்ததை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். 1781 ஜனவரியில் வட கரோலினாவின் ராம்சர்ஸ் மில் என்ற இடத்தில், அமெரிக்கத் தளபதி நத்தனியல் கிரீனை விரட்டிப் பிடிக்க வேகம் வேண்டும் என்று, காரன்வாலிஸ் தன் படையின் மூட்டை வண்டிகளையே கொளுத்தினார். மார்ச்சில் கில்போர்ட் நீதிமன்றச் சண்டையில் வென்றார். ஆனால் படையில் கால்வாசி அடிபட்டது. உணவுமில்லை, மருந்துமில்லை. கடற்கரைக்கு ஒதுங்கினார், பிறகு வர்ஜீனியாவுக்குப் போனார், அக்டோபரில் யார்க்டவுனில் பிரெஞ்சுக் கப்பற்படை கடலை அடைத்தபோது மாட்டிக்கொண்டார். பத்து ஆண்டுக்குப் பின் அரகெரெயில் அதே பொறி: வென்ற களம், காலி வயிறு, தொலைவில் கிடங்கு. இந்த முறை அவர் எரித்தது உணவு வண்டியை அல்ல, பீரங்கியை. முன்னே போகாமல் திரும்பினார். கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது திரும்புவது தளபதிக்குக் கடினமான முடிவு. அவருடைய ராணுவ வாழ்க்கையில் மிகச் சரியான முடிவு இதுதான் என்பேன்.

இரவே பெங்களூருக்குத் திரும்பலாம். நேரம் குறைவானவர்கள் அப்படியே சீரங்கப்பட்டணத்தில் தங்கி ஏழாம் நாள் பகுதியை முடித்துவிட்டு மலைகளுக்குத் திரும்பலாம். வரலாற்று வரிசை மட்டும் மாறும்.

ஐந்தாம் நாள்: தேவனஹள்ளி, நந்தி மலை

1791 ஜூலையிலிருந்து போர் மாறுகிறது. தலைநகரைப் பற்றிய பேச்சே இல்லை. தானியம் வரும் வழிகளையும் அவற்றைக் காக்கும் கோட்டைகளையும் பிடிக்கும் வேலை. ஓசூர், ராயக்கோட்டை ஜூலையில் விழுந்தன. கர்நாடகத்திலிருந்து, அதாவது நம் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து, பொதிமாடுகள் ஏற வழி திறந்தது. பிரிஞ்சாரிகள் என்று ஆங்கிலேயர் எழுதிய லம்பாடிகள்தான் இந்தப் போரின் உயிர்நாடி. தங்கள் சொந்த மாட்டில் தானியம் ஏற்றி, குடும்பத்தோடு படையின் பின்னால் வந்து விற்பவர்கள். கம்பெனி மாடு என்றால் ஓட்டுபவனுக்கு அது செத்தாலும் கவலையில்லை, ஒப்பந்தக்காரனுக்குக் கணக்கு. லம்பாடிக்கு மாடுதான் சொத்து. அதனால் தானியமும் வந்தது, மாடும் பிழைத்தது. அவர்களோடு பேசி விலை நிர்ணயித்து வரவழைத்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். இந்தப் பெயர் எட்டாம் நாளில் மீண்டும் வரும்.

தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு அருகில். திப்பு பிறந்த ஊர். அவர் கட்டி முடிக்காத கற்கோட்டை முழு வட்டமாக நிற்கிறது. ஒரு மணி நேரம்.

நந்தி மலை பெங்களூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், உயரம் 1,478 மீட்டர். ஞாயிறு காலை போகாதீர்கள்; உதயம் பார்க்க வரும் வண்டிகள் அடிவாரத்திலேயே நிற்கும். வார நாளில் போய், கூட்டம் சேரும் கிழக்குப் பக்கத்தை விட்டு மேற்குச் சரிவுக்கு வாருங்கள். மற்ற மூன்று பக்கமும் செங்குத்துப் பாறை. மேற்கில் மட்டும் மனிதர் ஏறலாம். ஆகவே அங்கே மட்டும் இரட்டை மதில். மேஜர் கௌடியின் படை செப்டம்பரில் வந்து, சரிவில் பாதை வெட்டி, யானைகளைக் கொண்டு பீரங்கிகளைப் பாதி மலைக்கு ஏற்றியது. மூன்று வாரத்தில் வெளிமதில் உடைந்தது. அக்டோபர் 18-19 நடு இரவில் மெடோஸ் முன்னின்று ஏற்றினார். காவலர்கள் பாறைகளை உருட்டிவிட்டார்கள். அடிபட்டவர்களில் பலர் அதனால்தான். இரு மதிலுக்கும் நடுவே நின்று கீழே பார்த்தால், உருளும் கல்லுக்கு ஒதுங்க இடமே இல்லை என்பது விளங்கும்.

ஆறாம் நாள்: சாவனதுர்கம்

பெங்களூருக்கு மேற்கே, மாகடி அருகில், 1,226 மீட்டர் உயரமுள்ள ஒற்றைப் பாறை மலை. கரிகுட்டம், பிளிகுட்டம் என்று இரட்டைச் சிகரங்கள், நடுவில் பிளவு. ஏற்றத்துக்கு வனத்துறையின் முன்பதிவு வேண்டும். கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழுக்குள் ஏறத் தொடங்குங்கள். நிழல் கிடையாது. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்பு நன்றாக உள்ள காலணி. மழைக்காலத்திலும் பனி ஈரத்திலும் பாறை வழுக்கும், ஏற வேண்டாம். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. நேராக இறங்காமல் குறியிட்ட பாதையில் குறுக்காக இறங்குங்கள்.

இந்த மலையின் பெயரே (மரணக் கோட்டை என்று பொருள் சொன்னார்கள்) எதிரியை விரட்டும் என்று நம்பப்பட்டது. சுற்றிலும் மூங்கில் காடு, அதில் காய்ச்சல். டிசம்பர் 10-இல் கர்னல் ஸ்டூவர்ட் வந்து பீரங்கிக்கு வழி வெட்டினார். ஏழு நாளில் மேடை தயார். அடுத்த மூன்று நாளில் உடைப்பு. 21-ஆம் தேதி பகலில் ஏறினார்கள். காவல் படை உடைப்பில் நிற்காமல் மேல் கோட்டைக்கு ஓட, துரத்தியவர்களும் அவர்களோடு கலந்தே வாசலுக்குள் நுழைந்துவிட்டார்கள். மலை விழுந்தது, தாக்கிய பக்கத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை. இதைக் கேட்டு அடுத்தடுத்த கோட்டைகள் சில நாட்களில் சரிந்தன. மே மாதம் அடைபட்டிருந்த சன்னபட்டணச் சாலை இப்போது திறந்துவிட்டது. அதற்காகத்தான் இவ்வளவும்.

ஏழாம் நாள்: சீரங்கப்பட்டணம்

பெங்களூரிலிருந்து ரயிலில் வருவது எளிது. நிலையமே கோட்டை மதிலுக்குப் பக்கத்தில். வாடகை சைக்கிள் அல்லது ஆட்டோ போதும், தீவு கிழக்கு மேற்காக சுமார் ஐந்து கிலோமீட்டர்.

வழிகாட்டிகள் உங்களை 1799-க்கு அழைத்துப் போவார்கள்: திப்பு விழுந்த இடம், தண்ணீர் வாசல், அவருடைய சமாதியான கும்பஸ். 1792 சண்டை பெரும்பாலும் ஆற்றின் வடகரையில் நடந்தது, அங்கே யாரும் அழைத்துப் போவதில்லை. முதலில் கரிகட்டக் குன்றில் ஏறுங்கள். படி உண்டு, வண்டிப் பாதையும் உண்டு. மேலே வெங்கடரமணர் கோயில். அங்கிருந்து முழுக் களமும் தெரியும். வடகரையைச் சுற்றி முள்வேலி, அதற்குள் காவல் மேடைகள், நடுவே திப்புவின் படை, பின்னால் காவிரி, அதற்கும் பின்னால் கோட்டை.

1792 பிப்ரவரி 5-இல் வந்த காரன்வாலிஸ், மறுநாள் இரவே தாக்கினார். ஏறத்தாழ 8,700 பேர், மூன்று வரிசை, பீரங்கி ஒன்றுகூட இல்லாமல். வலப்பக்கம் மெடோஸ், நடுவில் காரன்வாலிஸ், இடப்பக்கம் மாக்ஸ்வெல். பீரங்கி இல்லாததால் சத்தமில்லை, வேகமுண்டு. மாக்ஸ்வெல் கரிகட்டக் குன்றைப் பிடித்து ஆற்றைக் கடந்தார். நடு வரிசையின் முன்பகுதி ஓடியவர்களோடு கலந்து தீவுக்குள் புகுந்து அங்குள்ள கஞ்சாம் என்ற ஊரைப் பிடித்தது. மெடோஸ்தான் வழி தவறினார்: விட்டுவிட வேண்டிய ஈத்கா மேடையில் போய் மோதி, அதைப் பிடிப்பதற்குள் பலரை இழந்து, பிறகு இருட்டில் நடு வரிசையைக் கண்டுபிடிக்க முடியாமல் அலைந்தார். அதனால் தளபதியே விடியற்காலையில் குறைந்த ஆட்களோடு எதிர்த்தாக்குதலைச் சமாளிக்க வேண்டியதாயிற்று, அவருக்கும் கையில் காயம். இரவுத் தாக்குதலில் ஒரு வரிசைக்கு வழி தவறினால் திட்டம் முழுதும் ஆடும் என்பதற்கு இது நல்ல பாடம்.

தரியா தௌலத் மாளிகைக்குப் பிற்பகலில் போங்கள், மேற்குச் சுவருக்கு வெளிச்சம் நன்றாக விழும். 1780 பொள்ளிலூர்ப் போரில் கம்பெனிப் படை சிதறியதைத் திப்பு அங்கே சுவர் முழுதும் வரைய வைத்திருக்கிறார். காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள நம் புள்ளலூர்தான் அது. தீவின் கிழக்கு முனையில் லால் பாக் தோட்டம். முற்றுகைப் பொறியாளர்கள் அங்கிருந்த சைப்ரஸ் மரங்களை வெட்டி அகழி நிரப்பும் கட்டுகள் பின்னினார்கள். கும்பஸ் இருக்கும் வளாகம்தான் அது.

பிப்ரவரி 16-இல் அபர்குரோம்பியும் வந்து சேர, சில நாட்களில் பேச்சு முடிந்தது. பாதி நாடு, 3 கோடியே 30 லட்சம் ரூபாய், அதில் பாதி உடனே, கைதிகள் விடுதலை, பிணையாக இரண்டு மகன்கள். பிப்ரவரி 26-இல் அப்துல் காலிக்கும் முய்சுத்தீனும் யானைமேல் வந்தார்கள். மூத்தவனுக்குப் பத்து வயதுக்கு மேலிராது. காரன்வாலிஸ் கூடாரத்துக்கு வெளியே வந்து இருவரையும் அணைத்து, கடிகாரங்களைப் பரிசளித்தார். ஓவியர்கள் இந்தக் காட்சியை மீண்டும் மீண்டும் வரைந்து, கருணை மிக்க வெற்றியாளர் என்ற உருவத்தை இங்கிலாந்தில் பரப்பினார்கள். யார்க்டவுன் தலைக்குனிவை அது துடைத்தது. மார்க்விஸ் பட்டமும் வந்தது. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பணத்துக்கு ஈடாகப் பிரித்துக்கொண்டு போனதைக் கருணை என்று நான் சொல்ல மாட்டேன். 1794-இல் பணம் தீர்ந்த பிறகுதான் அவர்கள் தேவனஹள்ளியில் தந்தையைச் சேர்ந்தார்கள்.

எட்டாம் நாள்: ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி

பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாக ராயக்கோட்டை. ரயிலும் நிற்கிறது. கோட்டை ஏற ஒரு மணி நேரம். பாதி வழிக்கு மேல் பாறைப் படி. உச்சியிலிருந்து மேட்டுநிலம் முடிந்து பாராமகால் தொடங்கும் விளிம்பு தெளிவாகத் தெரியும். கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலைக்கோட்டை. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் இங்கே கீழ்க்கோட்டையைப் பிடித்து, மேல் வாசலில் கல்மாரி தாங்காமல் திரும்பினார். போரில் விழாத இந்தக் கோட்டை ஒப்பந்தத்தில் கை மாறியது.

கம்பெனிக்கு வந்த பங்கு மலபார், குடகு, திண்டுக்கல், பாராமகால். கோயம்புத்தூர் 1799 வரை திப்புவிடமே இருந்தது. பாராமகாலை நிர்வகிக்கச் சென்னையின் சிவில் அதிகாரிகளை காரன்வாலிஸ் அனுப்பவில்லை. ஊர்மொழி தெரியாமல் துபாஷிகளை (மொழிபெயர்த்துச் சொல்லும் இடையாட்களை) நம்பியே இருப்பவர்கள் என்பது அவர் எண்ணம். லம்பாடிகளை வரவழைத்த அதே அலெக்சாண்டர் ரீடை நியமித்தார். உதவிக்கு தாமஸ் மன்றோ உள்ளிட்ட ராணுவ அதிகாரிகள்.

அடுத்த ஆண்டு மார்ச் 22-இல் கல்கத்தாவில் காரன்வாலிஸ் நிலையான நிலவரியை அறிவித்தார். ஜமீன்தார் வசூலில் பதினொன்றில் பத்துப் பங்கை அரசுக்குக் கட்ட வேண்டும். தொகை என்றைக்கும் மாறாது. குறித்த நாள் சூரியன் மறைவதற்குள் கட்டாவிட்டால் நிலம் ஏலம். உழுபவனுக்கு எந்தக் காப்பும் அதில் உறுதியாக இல்லை. அதே ஆண்டுகளில், அவரே அனுப்பிய ரீடும் மன்றோவும் இங்கே கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கம் வயல் வயலாக அளந்து, உழுபவரிடம் நேராகப் பட்டாவும் தீர்வையும் பேசிக்கொண்டிருந்தார்கள். ரயத்துவாரி முறையின் தொடக்கம் அது. பிறகு சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் அது பரவியது.

1805-இல் மீண்டும் கவர்னர் ஜெனரலாக வந்தவர், ஜூலையில் இறங்கி, அக்டோபர் 5-இல் காஜிப்பூரில் இறந்தார். சமாதி அங்கே கங்கைக் கரையில் இருக்கிறது. போக நினைப்பவர்கள் வாரணாசியிலிருந்து காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடலாம். கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்குப் பேருந்து எந்நேரமும் உண்டு. பகல் வண்டியில் ஏறினால் வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக, இரண்டாம் நாளில் பொய்யாகக் காட்டிய அந்தப் பாதையையும் முழுதாகப் பார்த்துவிடலாம்.